பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிய தளபதி
ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் (1913 – 2000)

நம்ம நெய்வேலியில் ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பதினைந்து, இருபது வருஷம் எல்லையில் காவல் காத்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பி, மறுபடியும் ஒரு சீருடையைப் போட்டுக்கொண்டு ஷிப்ட் வேலைக்குப் போகிற மனிதர்களை எல்லா வட்டத்திலும் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பணியில் இருந்த நாளைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்கள். அதனாலேயே நமக்கு ராணுவம் என்றால் சினிமாவில் பார்த்ததோடு சரி.

இந்த மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். விஞ்ஞானி, தலைவர், கவிஞர் என்று பலரைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தியத் தரைப்படைத் தளபதிகளில் யாரைத் தெரியும் என்று நம் மாணவர்களிடம் கேட்டால் கரியப்பா என்பார்கள், மானெக்‌ஷா என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜியையும் சொல்வார்கள். ஆனால் மானெக்‌ஷாவுக்கு முந்தைய தளபதி யார் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அவர் நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். தமிழ்நாட்டிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் மனிதர். பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம் என்று ஒரு ஊர். அந்த ஊர் ஜமீன் குடும்பத்தில் 1913-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிறந்தவர் இவர். ஊர்ப் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அப்பா டாக்டர் பி. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். பிறகு காங்கிரசில் சேர்ந்து ராஜாஜி மந்திரி சபையில் இருந்தார். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் சில வருஷம் இருந்திருக்கிறார். கடைசியில் மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோது 1962 அக்டோபரில் காலமானார். அம்மா ராதாபாய் மங்களூர்க்காரர். 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இந்தியப் பெண்களில் ஒருவர். 1938-ல் தில்லி மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவரே.

இந்தத் தம்பதிக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். பரமசிவம் ராணுவத்துக்குப் போனார். கோபால் பொதுத்துறை நிறுவனங்களில் தலைமைப் பொறுப்புகளை வகித்தார். மோகன் குமாரமங்கலம் பாரிஸ்டர் ஆகி, கம்யூனிஸ்ட் ஆகி, பிற்காலத்தில் மத்திய மந்திரி ஆனார். மகள் பார்வதி கிருஷ்ணன் கடைசி வரை கம்யூனிஸ்ட் தலைவர், கோவையின் எம்.பி. ஒரே வீட்டில் ஜமீன், காங்கிரஸ், கம்யூனிஸ்ட், ராணுவம் என்று நான்கும் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கின்றன! அந்த வீட்டில் அரசியல் வராத நாளே இருந்திருக்காது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒருவர், அரசியலைத் தொடாமலே வாழ்ந்து முடித்தார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

பீரங்கிப் படையில் இந்தியர்

இங்கிலாந்தில் படித்து, வுல்விச் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்து, 1933-ல் பரமசிவம் அதிகாரியானார். வுல்விச் என்பது பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அதிகாரிகளை உருவாக்கிய இடம். கணிதமும் இயந்திரமும் தெரியாதவன் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே அவரை நம் ஜாதி என்று பொறியாளர்கள் உரிமை கொண்டாடலாம்!

அப்போது இந்தியர்களுக்கு பீரங்கிப் படை என்பது ஏறக்குறைய மூடிய கதவு. 1857 புரட்சிக்குப் பிறகு, பெரிய பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்கவே ஆங்கிலேயர் பயந்தார்கள். மலைப் பகுதியில் பிரித்து எடுத்துக்கொண்டு போகிற சிறு பீரங்கிகளைத் தவிர மற்றவை எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கையில்தான் இருந்தன. 1935 ஜனவரியில் பெங்களூரில் முதன்முதலாக இந்தியர்களைக் கொண்ட ஒரு களப் பீரங்கிப் பிரிவு உருவாக்கப்பட்டது. எழுபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதவு திறந்தது. பீரங்கிப் படையில் அதிகாரிகளாக நுழைந்த முதல் சில இந்தியர்களில் நம் குமாரமங்கலமும் ஒருவர். இந்தியனால் பீரங்கிக் கணக்குப் போட முடியுமா என்ற சந்தேகத்துக்கு நடுவில் வேலை பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை, புது மெஷினோடு முதல் பேட்ச்சாக உள்ளே போனவர்கள் புரிந்துகொள்வார்கள்.

1942 மே 27

இரண்டாம் உலகப் போர் வந்தது. வட ஆப்பிரிக்காவில், லிபியப் பாலைவனத்தில், ஜெர்மானியத் தளபதி ரோமல் முன்னேறிக்கொண்டிருந்தார். கஸாலா என்ற இடத்திலிருந்து தெற்கே பாலைவனத்துக்குள் கண்ணிவெடிகளும் காவல் அரண்களுமாக நேச நாட்டுப் படைகளின் தற்காப்பு வரிசை இருந்தது. அதன் தென்கோடியில் பிர் ஹகைம் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை. அதற்குத் தென்கிழக்கே சில மைல் தூரத்தில் இந்தியாவின் 3-ஆவது மோட்டார் பிரிகேட். அந்த பிரிகேடுக்குத் துணையாக இருந்தது 2-ஆவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட். மேஜர் குமாரமங்கலம் அதில் இருந்தார்.

அந்த பிரிகேட் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தே சில நாள்தான் ஆகியிருந்தது. பள்ளம் வெட்டி முடியவில்லை. மே 27-ஆம் தேதி விடியற்காலையில், ரோமல் தன் படையைத் தெற்கே சுற்றிக்கொண்டு வந்தபோது, இத்தாலியின் ஆரியெத்தே டாங்கி டிவிஷன் நேராக இவர்கள் மேல் வந்து விழுந்தது.

இவர்களிடம் இருந்தது 25 பவுண்டர் பீரங்கி. சுமார் 11 கிலோ எடையுள்ள குண்டை 12 கிலோமீட்டர் தூரம் வரை எறியக்கூடியது. தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத இலக்கைக் கணக்குப் போட்டு அடிக்கிற ஆயுதம் அது. அன்றைக்குக் கணக்குப் போட நேரமில்லை. கண்ணெதிரே வருகிற டாங்கியைக் குழாய் வழியாகப் பார்த்தே சுட வேண்டியிருந்தது. பல டாங்கிகள் எரிந்தன. ஆனாலும் ஒரு மோட்டார் பிரிகேட் ஒரு டாங்கி டிவிஷனை எவ்வளவு நேரம்தான் நிறுத்த முடியும்? காலைப் பொழுதுக்குள் பிரிகேட் நொறுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காயம்பட்டார்கள். சுமார் ஆயிரம் பேர் கைதானார்கள். அவர்களில் 70 வயதைத் தாண்டிய ஒரு பிரிட்டிஷ் ஓய்வுபெற்ற அட்மிரலும் இருந்தார் என்பது ஒரு விசித்திரம். வால்டர் கவன் என்ற அந்தக் கிழவர், சும்மா இருக்க முடியாமல் நம் குதிரைப்படை ரெஜிமென்ட்டோடு சேர்ந்து போருக்கு வந்திருந்தார்.

பிடிபட்ட சிப்பாய்களில் பல நூறு பேருக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாததால் எதிரிகள் அவர்களைப் பாலைவனத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். அவர்கள் தட்டுத் தடுமாறி நடந்து பிர் ஹகைம் பிரெஞ்சு முகாமை அடைந்தார்கள். அதிகாரிகளுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. குமாரமங்கலம் போர்க் கைதியாகி இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டார்.

அந்தச் சண்டையில் காட்டிய வீரத்துக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. மேஜர் பதவியில் உள்ள ஒருவருக்கு அது கிடைப்பது சாதாரண விஷயமில்லை. இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ராணுவ வாழ்க்கையில் அவருடைய மிகப் பெரிய போர்க்கள விருது, தோற்றுப் போன ஒரு சண்டைக்காகக் கிடைத்தது. அரியர்ஸ் வைத்த நண்பர்களும், கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வராதவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். முடிவு நம் கையில் இல்லாத இடத்திலும் வேலை நம் கையில்தான் இருக்கிறது.

இரண்டு சிறைகள்

இதே காலத்தில் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? கேம்பிரிட்ஜில் படித்து, அங்கே மாணவர் யூனியன் தலைவராகவும் இருந்துவிட்டு வந்த தம்பி மோகன், 1941-ல் சென்னை சதி வழக்கில் கைதாகித் தண்டனை பெற்றார். பி. ராமமூர்த்தி போன்ற தலைவர்களெல்லாம் உள்ளே போன வழக்கு அது. ஆக, பிரிட்டிஷ் அரசாங்கத்தை எதிர்த்ததற்காகத் தம்பி பிரிட்டிஷ் சிறைக்குப் போனார். அடுத்த வருஷமே, பிரிட்டிஷ் இந்தியப் படையில் போரிட்டதற்காக அண்ணன் இத்தாலியச் சிறைக்குப் போனார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். யார் தேசபக்தர் என்று கேட்டால் அந்த அம்மா என்ன பதில் சொல்லியிருப்பார்! இரண்டு பேருமே என்றுதான் சுதந்திர இந்தியா பிற்பாடு பதில் சொன்னது. ஒருவரைத் தளபதியாக்கியது, மற்றவரை மந்திரியாக்கியது.

இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு அருகே அவெர்ஸா என்ற இடத்தில் இந்திய அதிகாரிகளுக்கான கைதி முகாம் இருந்தது. அங்கே இருந்த இந்தியர்களில் மூத்தவர் என்ற முறையில் குமாரமங்கலம் முகாமுக்குத் தலைமை. அவருக்குக் கீழே நிர்வாகம் பார்த்த அட்ஜுடன்ட் ஒரு கேப்டன். பெயர் யாஹ்யா கான். சாப்பாடு, துணிமணிகளைக் கவனித்தவர் யாகூப் கான். கூட இருந்த இன்னொருவர் டிக்கா கான். அப்போது எல்லோரும் ஒரே படையின் இளம் அதிகாரிகள். செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலத்தை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டு, எப்போது தப்பிப்பது என்று ஒன்றாக யோசித்த நண்பர்கள். இந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரப்போகிறார்கள்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. அந்தக் குழப்பத்தில் கைதிகள் பலர் முகாம்களிலிருந்து தப்பினார்கள். குமாரமங்கலமும் கூட இருந்த அதிகாரிகள் சிலரும் தப்பி ஓடினார்கள். ஆனால் வழியில் அவர் தவறி விழுந்து கணுக்காலில் பலத்த அடிபட்டது. நடக்க முடியாத ஆள் எவ்வளவு தூரம் போக முடியும்? மறுபடியும் பிடிபட்டார். இந்தத் தடவை ஜெர்மனிக்கே கொண்டுபோனார்கள். 1945-ல் போர் முடிந்துதான் வெளியே வந்தார். கிட்டத்தட்ட மூன்று வருஷம். ஒரு அதிகாரி மேலே ஏற வேண்டிய நேரத்தில், 28 வயதிலிருந்து 31 வயது வரை, முள்வேலிக்குப் பின்னால் போய்விட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பர்மாவிலும் இத்தாலியிலும் படைகளை நடத்திப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

பிரிவினையும் அதற்குப் பிறகும்

1947-ல் நாடு பிரிந்தது. ராணுவமும் பிரிந்தது. பீரங்கி, லாரி, மெஸ்ஸிலிருந்த வெள்ளிக் கோப்பைகள் வரை கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். யாஹ்யா கான், யாகூப் கான், டிக்கா கான் மூவரும் பாகிஸ்தான் படைக்குப் போனார்கள். குமாரமங்கலம் இந்தியப் படையில் தொடர்ந்தார்.

அதற்கடுத்த பதினைந்து வருஷம் பெரிய செய்திகள் இல்லாத, படிப்படியான உழைப்பு. ஆளெடுப்பு, பயிற்சி, நிர்வாகம் என்று ராணுவத்தின் உள்வேலைகள். இதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதாது. ஆனால் இந்த வேலை சரியாக நடக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை 1962 அக்டோபரில் சீனா தாக்கியபோது நாடே பார்த்தது. பருத்திச் சட்டையோடு பனி மலையில் நின்ற நம் சிப்பாய்களை யாரும் மறக்க முடியாது. அந்தத் தோல்விக்குப் பிறகு, 1963 மே மாதம், கிழக்குப் பிராந்தியப் படைத் தலைமை குமாரமங்கலத்திடம் கொடுக்கப்பட்டது. அருணாசலம், சிக்கிம், நாகாலாந்து, கிழக்குப் பாகிஸ்தான் எல்லை எல்லாம் அதன் கீழ்தான். தோற்றுப் போன படையைக் கையில் வாங்கி மறுபடியும் நிமிர்த்துவது. தோல்வியின் ருசி தெரிந்த ஒருவரிடம் அந்த வேலை போனது பொருத்தம்தான். 1964 நவம்பரில் அவர் தில்லி தலைமையகத்துக்குப் போனபோது கல்கத்தாவில் அவர் இடத்துக்கு வந்தவர் மானெக்‌ஷா.

1965 பாகிஸ்தான் போரின்போது ஜெனரல் சௌத்ரி தளபதி, குமாரமங்கலம் துணைத் தளபதி. 1966 ஜூன் 8-ஆம் தேதி அவரே தரைப்படைத் தளபதியானார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று மன்னரின் ஆணையோடு அதிகாரியான இந்தியர்களில் அந்தப் பதவிக்கு வந்த கடைசி ஆள் அவர். அவருக்கு அடுத்து வந்தவர் டேராடூனில் உருவானவர்.

தளபதியாக மூன்று வருஷம்

அந்த மூன்று வருஷமும் நாட்டுக்கு மோசமான காலம். மழை பொய்த்து பீகாரில் பஞ்சம். ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1966-ல் மிசோ மலையில் ஆயுதக் கிளர்ச்சி. அதை அடக்க 1967-லிருந்து கிராமங்களைக் காலி செய்து சாலையோரம் கூட்டிவந்து குடியமர்த்தினார்கள். அந்த மக்கள் பட்ட கஷ்டம் பெரிது, மிசோராமில் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அவர் தளபதியாக இருந்த காலத்தில் நடந்தது அது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறோம் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது.

1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாய். நம் வீரர்கள் எல்லையில் முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது சீனர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். திறந்தவெளியில் நின்றவர்கள் பலர் விழுந்தார்கள். நம் பீரங்கிகள் பதிலுக்கு மூன்று நாள் முழங்கின. சீனக் காவல் அரண்கள் பல சிதறின. அக்டோபர் 1-ஆம் தேதி பக்கத்து சோலா கணவாயிலும் மோதல். அங்கேயும் நம் ஆட்கள் பின்வாங்கவில்லை. இரண்டிலும் சேர்த்து நம் தரப்பில் 80-க்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். களத்தில் அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் சகத் சிங்குக்கே முதல் பெருமை சேர வேண்டும். ஆனால் 1962-ல் சிதறிப்போன ஒரு படை ஐந்தே வருஷத்தில் அதே எதிரிக்கு முன்னால் அசையாமல் நின்றது என்றால், நடுவில் யாரோ சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி வேலை பார்த்தவர்களில் ஒருவர் அந்தப் பிராந்தியத்தின் முன்னாள் தலைவரும் அன்றைய தளபதியுமான இந்த பீரங்கிக்காரர்.

நாற்காலி ஆசை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அறுபதுகளில் உலகம் முழுக்க ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தானில் 1958. பர்மாவில் 1962. 1965-க்குப் பிறகு இந்தோனேசியாவில் சுகர்த்தோ. கானாவில் 1966. கிரீஸில் 1967. அந்த வரிசையில் அடுத்தது இந்தியாதான் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன. 1967 பொதுத் தேர்தல்தான் இந்தியாவின் கடைசித் தேர்தலாக இருக்கும் என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் நிருபரே எழுதினார். நேரு இல்லை, சாஸ்திரி இல்லை. பல மாநிலங்களில் காங்கிரஸ் தோற்றது. சென்னையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கட்சி தாவல், மந்திரி சபை கவிழ்ப்பு என்று வடக்கே ஒரே களேபரம்.

அந்த நேரத்தில் உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்று ஒரு மனிதரின் கையில் இருந்தது. முன்னாள் முதல் மந்திரியின் மகன். அரசியல் அவருக்கு ரத்தத்தில் இருந்தது. தம்பி 1966-67-ல் சென்னை அரசின் அட்வகேட் ஜெனரல். தங்கை கம்யூனிஸ்ட் தலைவர். அவர் செய்தது என்ன? தன் வேலையைப் பார்த்தார். அவ்வளவுதான். தேர்தல் நடந்தது. யார் ஜெயித்தார்களோ அவர்கள் ஆண்டார்கள். படை முகாமை விட்டு வெளியே வரவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். குமாரமங்கலம் தளபதியாகி மூன்று மாதத்தில், 1966 செப்டம்பரில், பாகிஸ்தான் படையின் தலைவரானார் பழைய அட்ஜுடன்ட் யாஹ்யா கான். அவெர்ஸா முகாமில் ஒரே அலுவலகத்தை நடத்திய இரண்டு பேர், இப்போது எதிரெதிர்ப் படைகளின் தலைவர்கள்! இருவருக்கும் ஒரே மாதிரிப் பயிற்சி, ஒரே மாதிரிப் போர் அனுபவம், ஒரே முள்வேலி.

1969 மார்ச் 25-ஆம் தேதி யாஹ்யா கான் நாட்டில் ராணுவச் சட்டத்தை அறிவித்து ஆட்சியை எடுத்துக்கொண்டார். சில நாளில் ஜனாதிபதியும் ஆனார். அதே 1969-ல், ஜூன் 7-ஆம் தேதி, மூன்று வருஷப் பதவிக் காலம் முடிந்ததும் ஜெனரல் குமாரமங்கலம் மானெக்‌ஷாவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். இரண்டரை மாத இடைவெளியில் இரண்டு பழைய சிநேகிதர்கள் எடுத்த இரண்டு பாதைகள்.

அதற்குப் பிறகு நடந்தது சரித்திரம். கிழக்குப் பாகிஸ்தானில் தேர்தலில் ஜெயித்தவர்களிடம் ஆட்சியைக் கொடுக்க யாஹ்யாவுக்கு மனம் வரவில்லை. மக்கள் மேல் ராணுவத்தை ஏவ முடியாது என்று அங்கே பொறுப்பிலிருந்த யாகூப் கான் 1971 மார்ச்சில் ராஜினாமா செய்தார். ஏவுகிறேன் என்று வந்தவர் டிக்கா கான். அவெர்ஸாவில் ஒரே சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்ற மூவரும், முப்பது வருஷம் கழித்து ஒரே கேள்விக்கு மூன்று விதமாக நின்றார்கள். லட்சக்கணக்கானோர் செத்தார்கள், ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது, நாடு உடைந்தது, யாஹ்யா பதவி இழந்து வீட்டுக் காவலில் அடைபட்டார். அவர் பிடித்த நாற்காலி இரண்டே முக்கால் வருஷம்தான் தாங்கியது.

நம் ஜெனரலோ 1970-ல் பத்ம விபூஷண் பெற்றார். குதிரையேற்றத்திலும் போலோவிலும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். ஓய்வுக் காலத்தில் விளையாட்டுகளோடு தொடர்ந்து உறவு வைத்திருந்தார். எந்தக் கட்சி மேடையிலும் ஏறவில்லை. 2000-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி, 86-ஆம் வயதில் காலமானார்.

நெய்வேலிக்கும் அவர் வீட்டுக்கும்

நெய்வேலிக்காரர்களுக்கு குமாரமங்கலம் என்றால் தம்பி மோகன்தான் முதலில் நினைவுக்கு வருவார். பக்கத்துப் பாண்டிச்சேரி தொகுதியில் 1971-ல் ஜெயித்து, இந்திரா காந்தியின் மந்திரி சபையில் எஃகு மற்றும் சுரங்கத் துறை மந்திரியானவர். 1971 முதல் 1973 வரை நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்கள் தனியாரிடமிருந்து அரசுக்கு மாறியது அவர் காலத்தில்தான். 1973 மே 31-ஆம் தேதி தில்லி விமான விபத்தில் அவர் இறந்தபோது சுரங்கத் தொழிலாளர்கள் அழுதார்கள். அவர் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் மத்திய மின்துறை மந்திரியாக இருந்தபோது 2000 ஆகஸ்டில் காலமானார். பெரியப்பா போன ஐந்தாவது மாதம்.

தம்பிக்கும் தம்பி மகனுக்கும் ஊர் ஊராகப் படம் இருக்கிறது. அண்ணனின் படம் நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவதில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காக வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டுப் போகிறவனை ஊர் சீக்கிரம் மறந்துவிடும்.

நம் சுரங்கத்தையே பாருங்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே சக்கர வாளி இயந்திரம் வெட்ட முடியும். ஒரு ஷிப்ட் ஆள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், மணி அடித்ததும் லாக்புக்கில் எழுதி, அடுத்த ஆளிடம் விவரம் சொல்லி, மெஷினை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். 'என்னைவிட நல்லா ஓட்ட ஆள் இல்ல, நானே உட்கார்ந்திருப்பேன்' என்று ஒருத்தர் அடம் பிடித்தால் என்ன ஆகும்? மெஷினும் போகும், ஆளும் போவான். நாடும் அப்படித்தான் என்பதற்கு 1969-ஆம் வருஷம் ஒரு பாடம்.

நண்பர்களே, நம்மில் பலர் இப்போது ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். சிலர் சூப்பர்வைசர், சிலர் மேனேஜர், சிலர் சொந்தத் தொழில், சிலர் சங்கப் பொறுப்பு. நாற்காலிக்கு வருவதற்கு எல்லோரும் யோசனை சொல்வார்கள். அதை விட்டு எப்படி எழுந்திருப்பது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். திருச்செங்கோட்டு ஜெனரல் தன் வாழ்க்கையால் சொல்லித் தந்திருக்கிறார்.

இப்போது படித்துக்கொண்டிருக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ராணுவம் என்பது வேறு வேலை கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டப் படிப்பை முடித்தவர்கள் சி.டி.எஸ். தேர்வு எழுதி அதிகாரியாகலாம். என்.சி.சி.யில் 'சி' சர்டிபிகேட் வைத்திருந்தால் அதற்கென்று தனி வழியே உண்டு. அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் அகாடமி ஒன்று சென்னை பரங்கிமலையிலேயே இருக்கிறது, பெண்களும் சேரலாம். ஜெனரல் போன காலத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருந்தது. உங்களுக்கு நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் போதும்.